புறம்போக்கு முகம்

அன்று காலை விசாரணை அறையில் இருந்தவர்கள்:

கோமதிநாயகம், முகப் பதிவாளர்.
ஆஷிக், முகத்தேடிக் கருவியை இயக்குபவன்.
தங்கபுஷ்பம், மனுதாரர், வயது அறுபத்துமூன்று, உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.
ஜெசிந்தா, எதிர்மனுதாரர், வயது முப்பத்தொன்று, கடல்நீர் ஆலையில் இரவுப் பணி.
லியோன், எதிர்மனுதாரருக்குத் துணை, ‘உப்பளப் பிணங்கள்’ ரசிகர் மன்றத் தலைவர்.
படச்சட்டம் 40,112-இல் இடமிருந்து நான்காவதாக நிற்பவர். ஆள் கணக்கில் சேரமாட்டார்.

கடைசி வரியை ஆஷிக் கேலிக்காகச் சேர்க்கவில்லை. படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் உண்டு. ‘விவாதத்துக்குரிய முகம்’ என்று தலைப்பு. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

தூத்துக்குடிப் பதிவகம் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்கே வாசலில் வரிசை நின்றுவிடும். வழக்கமான கூட்டம்தான். கல்யாண ஆல்பத்துக்காக விருந்தாளிகளின் முக அனுமதிகளைக் கத்தையாகக் கொண்டுவந்த பெண் வீட்டார், குழந்தைக்கு முதல் முகப் பட்டா எடுக்க வந்த தம்பதி, ஜவுளிக்கடை பொம்மைக்குத் தன் மூக்கை வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்த ஒரு ஆள். சுவரில் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. சட்டம் இருந்தது, மாலை இருந்தது, நடுவில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. வாரிசுகள் அனுமதி தரவில்லை. பக்கத்துத் தெரு கோயிலில் மாதா சிலைக்கே முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். ஏரலில் ஒரு பள்ளி ஆசிரியைக்கும் மாதாவுக்கும் பதினாறு குறி ஒத்துப்போய்விட்டது. டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை.

முகவுரிமைச் சட்டம் வந்து நாற்பது வருடம் ஆகிறது. முகம் என்றால் குறைந்தது பதினான்கு குறிகள் வேண்டும். கண்ணோரம், மூக்கு நுனி, வாய்முனை, தாடைமூட்டு என்று முகத்தேடி அவற்றை அளந்து, இது இன்னாருடையது என்று சொல்லிவிடும். அந்த ஆளைக் கேட்காமல் அந்த முகத்தை வரையவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. யாரையும் நினைக்காமல் கற்பனையில் வரைந்தாலும் எங்கோ இருக்கிற யாருக்கோ அது ஒத்துப்போய்த் தொலைக்கும். அதனால் வரைகிறவர்கள் முகத்தை விட்டார்கள். பூ வரைந்தார்கள், படகு வரைந்தார்கள், முதுகு வரைந்தார்கள்.

முகமே வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்கு ஜோம்பிதான் மிச்சம்.

சட்டம் அதை நடைப்பிணம் என்கிறது. பழைய ஜோம்பி படங்களில் கும்பலாக வருகிறவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பாதி அழுகிய மாதிரி ஒப்பனை போட்ட முகத்தில் கருவிக்கு எட்டு, ஒன்பது குறிகளுக்குமேல் அகப்படுவதும் இல்லை. பதினான்கு தேறாதது முகமே அல்ல. வருவாய்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்த யாரோ ஒரு அதிகாரி அதற்குப் புறம்போக்கு முகம் என்று பெயர் வைத்தார். யாருக்கும் பட்டா இல்லை, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஊருக்கு ஊர் ஜோம்பி ரசிகர் மன்றம் முளைத்த ரகசியம் இதுதான். மன்றத்தில் பாதிப் பேருக்கு அந்த மாதிரிப் படமே பிடிக்காது. அவர்களுக்கு ஒரு கண்ணை வரைய வேண்டும், அவ்வளவுதான்.

‘உப்பளப் பிணங்கள்’ அறுபது வருடத்துக்கு முந்திய படம். பட்டப்பகலில், கண்கூசும் உப்புப் பாத்திகளுக்குள்ளிருந்து பிணங்கள் எழுந்து வரும். உள்ளூர் உப்பளத் தொழிலாளிகளையே நிறுத்தி எடுத்த படம். மன்றத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குடைக்காரி, பம்பரம், மூணுவிரல். இடமிருந்து நான்காவது ஆள் ஓட்டைவாயன். இடது கன்னம் கிடையாது, கடைவாய்ப் பல் வெளியே தெரியும். படத்தின் தலைசிறந்த ஒப்பனை அதுதான் என்பதில் மன்றத்தில் இரண்டு கருத்து இல்லை. மற்ற பிணங்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரும்போது, ஓட்டைவாயன் மட்டும் தோள்துண்டின் நுனியைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி வருவான். அந்தத் துண்டைப் பற்றி மட்டும் மன்ற மலரில் ஏழு கட்டுரைகள் வந்திருக்கின்றன. செத்த பிறகும் உடம்பு பழக்கத்தை விடாது என்று இயக்குநர் சொல்கிறார் என்பது லியோனின் கட்டுரை. அதற்கு மறுப்பாக வந்ததும் அவன் எழுதியதுதான், வேறு பெயரில்.

ஜெசிந்தா ஓட்டைவாயனை அறுபத்தொரு முறை வரைந்திருந்தாள். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டதிலிருந்து அவள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது. மன்றத்தின் சட்டைகளில் இருப்பதும், வருடாவருடம் எழுச்சி நாள் ஊர்வலத்தில் ஜனங்கள் மாட்டிக்கொள்ளும் முகமூடியும் அவள் கைதான்.

“எங்கப்பா அது,” என்றார் தங்கபுஷ்பம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. “பேரு பரமார்த்தலிங்கம். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பய எங்கப்பாவை நெஞ்சுல போட்டுக்கிட்டு நிக்கான். வாயில புழு நெளியுது. கீழ ஓட்டைவாயன்னு எழுத்து. யாருல வரைஞ்சதுன்னு கேட்டா, ஜெசிந்தா அக்கான்னு பெருமையா சொல்லுதான்.” திரும்பிப் பார்த்தார். “நீதானா?”

“நான்தான்.”

“வெக்கமா இல்ல உனக்கு?”

“அது காணிக்கைம்மா,” என்று லியோன் குறுக்கே புகுந்தான். “அந்தப் படத்து மேல எங்களுக்கு உள்ள மரியாதை.”

“உங்கப்பன் வாயில புழுவை விட்டு மரியாதை பண்ணேன். நாலு பேரு பாக்கட்டும்.”

ஆஷிக் சிரித்துவிட்டுக் கருவிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். பதிவாளர் மேசையைத் தட்டினார்.

“அப்பாவோட போட்டோ ஏதாவது இருக்கா?”

“துடைப்புல போயிட்டு.”

சட்டம் வந்த மறுவருடம் நடந்தது துடைப்பு. முகத்தைப் பதிய ஒரு வருடம் தவணை தந்தார்கள். அதற்குள் பதியாதவர்களின் படங்கள் எல்லாம் போனிலிருந்தும் சேமிப்பகங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் அழிக்கப்பட்டன. பழைய சினிமாவின் கும்பல் காட்சிகளுக்கு மட்டும் கலைச் செல்வம் என்று விலக்கு.

“அப்போ அப்பா உயிரோட இருந்தாரா?”

“இருந்தாவ.”

“ஏன் பதியலை?”

தங்கபுஷ்பம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். “அளத்துல சீசன் நேரம். லீவு தரலை,” என்றார் பிறகு.

பதிவாளர் அதைக் குறித்துக்கொண்டார். “சரி. சினிமாவுல இருக்கிற முகத்துல ஒன்பது குறிதான் கிடைக்குது. மிச்சம் அஞ்சு மேக்கப்புக்கு அடியில இருக்கு. அதனால கைமீட்பு. மேக்கப்பைக் கழிச்சிட்டு உள்ள இருக்கிற முகத்தைக் கையால வரையணும். பதினாலு வந்தா உங்க முகத்தோட ரத்த ஒப்பு, அதாவது குடும்பச் சாடை, பாப்போம். ஒத்துப்போச்சுன்னா பட்டா உங்களுக்கு. அதுக்கப்புறம் ஓட்டைவாயன்னு ஒரு படம் ஊருக்குள்ள இருக்காது. ஆனா ஒரு முகத்துக்கு ஒரு மனுதான். தள்ளுபடி ஆச்சுன்னா நிரந்தரப் புறம்போக்கு. புரியுதா?”

“வரையறது யாரு?”

“அந்த முகத்துல அதிகப் பழக்கம் உள்ளவங்க. விதி அப்படி.” அவர் பேனாவால் ஜெசிந்தாவைக் காட்டினார். “ஜில்லாவுல முகம் வரையத் தெரிஞ்ச வேற ஆளும் கிடையாது.”

“நல்லா இருக்கே,” என்றாள் ஜெசிந்தா. “என் கழுத்துக்கு நானே கயிறு திரிக்கணும்.”

“கழுத்துக்கு இல்ல. மணிக்கட்டுக்கு.” பதிவாளர் இழுப்பறையிலிருந்து சாம்பல் நிற வளையம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “பட்டா ஆச்சுன்னா, அனுமதியில்லாம வரைஞ்ச படம் ஒண்ணுக்கு ஒரு மாசம். அறுபத்தொண்ணு. வரைய மாட்டேன்னு சொன்னா மனுவை ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்பவும் அறுபத்தொண்ணுதான்.”

விரல்வளையத்தை ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். மாட்டியிருந்தால் கரண்டி பிடிக்கலாம், சட்டை பொத்தான் போடலாம். பென்சில் பிடிக்கிற வாகில் விரல்கள் குவிந்த உடனே கட்டைவிரலும் ஆள்காட்டியும் செத்துவிடும். மன்றத்தில் ஒருவனுக்கு இரண்டு வருடம் மாட்டினார்கள். கழற்றிய அன்று எல்லோரும் கேக் வெட்டி அவன் கையில் பென்சிலைக் கொடுத்தார்கள். ஒரு வட்டம் போடப் பார்த்தான். வரவில்லை. கை மறந்துவிட்டது. இப்போது அவன் மன்றத்துப் பக்கமே வருவதில்லை.

ஆஷிக் வரைபலகையைக் கொண்டுவந்து வைத்தான். சினிமாவில் அகப்பட்ட ஒன்பது குறிகளும் பச்சைப் புள்ளிகளாக அதில் பூட்டியிருந்தன. லியோன் அவள் காதருகே குனிந்தான்.

“அந்த ஒன்பதுல கை வைக்க முடியாது. மிச்சம் அஞ்சும் இடது கன்னம். அது உன் இஷ்டம். பொன்னுக்குவீங்கி வந்தவன் மாதிரி உப்பலா போட்டுவிடு. ரத்த ஒப்பு அங்கேயே படுத்துரும். நீயும் தப்பிச்ச, ஓட்டைவாயனும் தப்பிச்சான்.”

நல்ல யோசனைதான். ஜெசிந்தா பென்சிலை எடுத்தாள்.

நெற்றியிலிருந்து தொடங்கினாள். அவள் வாழ்க்கையில் முழு முகம் ஒன்றை வரைந்ததில்லை. யாரைப் பார்த்தாலும் எங்கே அழுகலைத் தொடங்கலாம் என்றுதான் அவள் கண் முதலில் தேடும். இப்போது அழுகலைக் கழிக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே எப்போதும் போடுகிற பச்சை நிழலை விட்டாள். நெற்றிக் கீறலை விட்டாள். வலது கன்னத்துக்கு வந்தபோது கை தானாக ஓடியது. அந்தக் கன்னத்தின் சதை அவளுக்கு மனப்பாடம். கயிறு மாதிரி முறுக்கேறி, தாடைமூட்டில் ஒரு கழலை போலப் புடைத்திருக்கும்.

அதை இடது பக்கம் திருப்பிப் போட்டால் போதும். உப்ப வைக்கிறதைப் பிறகு பார்க்கலாம் என்று கோட்டை இழுத்தாள். பொருந்தவில்லை. அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். மூக்கு வலது பக்கம் சாய்ந்திருந்தது, வாய்முனையும் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கன்னமும் உள்ளவனுக்கு வாய் அப்படிப் போகாது. வருடக்கணக்காக ஒரே பக்கத்தில் மென்று தின்றவனுக்குத்தான் ஒரு பக்கச் சதை மட்டும் அப்படித் திரளும். ஒரு நாள் ஒப்பனையில் எதிர்ப்பக்கத்துத் தாடை புடைக்காது.

அவள் பென்சிலை நிறுத்தினாள். துண்டு ஞாபகம் வந்தது. தாடைக்குக் கீழே, இடது பக்கம், நுனியைச் சுருட்டி. அறுபத்தொரு முறை அதன் ஒவ்வொரு மடிப்பையும் அக்கறையாக வரைந்திருக்கிறாள். நுனி எப்போதும் கறுத்து நனைந்திருக்கும். அதை ரத்தம் என்று நினைத்துச் சிவப்படித்திருக்கிறாள். எச்சில்.

“அந்தத் துண்டு எதுக்கு?” என்று கேட்டாள்.

தங்கபுஷ்பத்தின் முகம் இறுகியது. “எந்தத் துண்டு?”

“அப்பா கையில இருக்கிறது.”

“வெயிலுக்கு.”

“வெயிலுக்குன்னா தலையில போடுவாங்க.”

“மனுதாரர்கிட்ட பேசக் கூடாது,” என்றார் பதிவாளர். “வரைங்க.”

தங்கபுஷ்பம் மேசைக்குப் பக்கத்தில் வந்து பலகையை எட்டிப் பார்த்தார். இடது பக்கம் அழித்த தடம் மட்டும் இருந்தது. வாசலில் நுழைந்ததிலிருந்து அவர் பேச்சில் இருந்த காரம் இப்போது இல்லை. குரலைத் தாழ்த்தி, ஜெசிந்தாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“கன்னத்தைப் போடு ளா.”

அப்போது ஜெசிந்தாவுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. அளத்தில் லீவு தராததால் இல்லை. பதியப் போயிருப்பார்கள். கருவி ஒன்பது என்று சொல்லியிருக்கும். முகம் முழுசாக இல்லை, போய்ட்டு வாங்க என்று அனுப்பியிருப்பார்கள். பிறகு துடைப்பு வந்து, வீட்டில் இருந்த படங்களையும் வாரிக்கொண்டு போயிருக்கும். இந்தம்மாவுக்கு வேண்டியது அப்பாவின் முகம் இல்லை. அப்பாவுக்கு இல்லாத ஐந்து குறிகள். அவற்றைப் பொய்யாக வரையக்கூடிய ஒரே ஆளைத் தேடி, அந்த ஆள்மேலேயே மனு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தக் கன்னத்தைப் போட அரை நிமிடம் ஆகாது. ஐந்து வருடம் விரல்கள் செத்துக் கிடக்கும், அதற்குப் பிறகும் எழுந்திருக்காது.

அவள் மறுபடி பென்சிலை எடுத்தாள். லியோன் சொன்ன வீக்கத்தைப் போடவில்லை. தங்கபுஷ்பம் கேட்ட கன்னத்தையும் போடவில்லை. இருந்ததை வரைந்தாள். ஆறி வழவழத்த விளிம்பு, உள்ளே மடங்கிய தோல், காற்றுப்பட்டுக் காய்ந்த கடைவாய்ப் பல். புழு இல்லை, சீழ் இல்லை. கண்ணுக்கு வந்தபோது, வழக்கமாகப் போடுகிற வெள்ளைப் படலத்தை விட்டுக் கருவிழியை வரைந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் இப்படி நிற்கணும் என்று யாரையோ கேட்கப்போகிற ஒரு ஆள் பலகையிலிருந்து பார்த்தார். ஏன் அப்படி வரைந்தாள் என்று யாராவது கேட்டால் அவள் ஒரு பதில் சொல்லியிருப்பாள். அது உண்மையாக இருந்திருக்காது என்று அவளுக்கே தெரியும்.

கருவி ஓடியது. “ஒன்பது,” என்றான் ஆஷிக்.

“மிச்சம் அஞ்சு எங்கே?” பதிவாளர் பலகையைத் தன் பக்கம் திருப்பினார்.

“இல்லை.”

“மேக்கப்பைக் கழிச்சிட்டு வரையச் சொன்னேன்.”

“கழிச்சாச்சு.”

பதிவாளருக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். “இதுதான் உங்க அப்பாவா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இல்லைன்னு சொன்னீங்கன்னா இந்த மீட்பை ரத்து பண்ணிட்டு வேற ஜில்லாவுலேர்ந்து ஆள் கூப்பிடுறேன். மனு உயிரோட இருக்கும்.”

இல்லை என்று சொல்வதற்குத்தான் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தார். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பலகை அவர் பக்கம் திரும்பியிருந்தது. முப்பத்தொன்பது வருடமாக ஊரில் எங்குமே இல்லாத ஒரு ஆள் அதிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பத்தின் வலதுகை மேலெழும்பி, படத்தின் தாடைக்குக் கீழே, எதையோ துடைக்கிற மாதிரி நின்றது.

“அவியதான்,” என்றார்.

“சத்தமா.”

“எங்கப்பாதான். முப்பது வயசுல வாயில புத்துநோய்னு கன்னத்தை அறுத்து எடுத்துட்டாவ. சினிமாக்காரன் பாத்துட்டு, உனக்கு மேக்கப்பே வேண்டாம்னு முன்வரிசையில நிறுத்துனான். சோறு அப்பா கையால ஊட்டுனாத்தான் நான் தின்பேன். எனக்கு அது ஓட்டையாத் தெரிஞ்சதே இல்ல.”

பதிவாளர் திரையைத் தொட்டார். “ஒன்பது குறி. முகம் அல்ல. மனு தள்ளுபடி, நிரந்தரப் புறம்போக்கு.” வளையத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

“அசலா!” லியோன் எழுந்தேவிட்டான். “அந்த ஓட்டை அசலா? அறுபது வருஷமா எவனுக்கும் தெரியலையே! ஜெசி, இந்தப் படம்தான் இந்த வருஷம் எழுச்சி நாளுக்கு. முகமூடி, சட்டை, எல்லாம் இதுதான்.” போனை எடுத்துப் பலகைக்கு நேராகப் பிடித்தான்.

“எடுக்காதல,” என்றாள் ஜெசிந்தா.

“ஏன்?”

“எடுக்காதன்னு சொல்லுதேன்ல.”

“புறம்போக்குதானே,” என்றான் லியோன். “உனக்கு எவ்வளவு உரிமையோ எனக்கும் அவ்வளவுதான்.” அவன் பதிவாளரைப் பார்க்க, அவரும் தலையசைத்தார். போன் மூன்று முறை மின்னியது.

ஜெசிந்தா பலகையைப் பிடுங்கி உடைத்திருக்கலாம். அது அரசு ஆவணம். உடைத்தால் வளையம். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. விரல்கள் நன்றாக வேலை செய்தன.

தங்கபுஷ்பம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ஒரு நகல் வேணும்னா வாங்கிக்கிடுங்கம்மா,” என்றான் ஆஷிக். அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். “அனுமதி எதுவும் வேண்டாம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னா எனக்கு எதுக்குய்யா?”

ஜெசிந்தா எழுந்து அவர் பின்னால் போனாள். “நான் பொய்யா வரையலை,” என்றாள். “இருந்தபடியே வரைஞ்சேன். இதுவரைக்கும் யாரும் அப்படி வரைஞ்சதில்லை.”

“வரைஞ்ச. யாரு இல்லைன்னா.” தங்கபுஷ்பம் கதவருகே நின்றார், ஆனால் திரும்பவில்லை. “உன் கையையும் காப்பாத்திக்கிட்ட. நான் உன்கிட்ட உண்மையா கேட்டேன்? ஒரு கன்னம் கேட்டேன் ளா. பொய்யா ஒரே ஒரு கன்னம். நீ வெச்சிருந்தா எங்கப்பா மனுசனாயிருப்பாவ.”

அவர் வெளியே போனார். அடுத்த மனுவின் பெயரை வாசிக்கும்வரை அறை பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஆஷிக் எட்டி வந்து அவர் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினான்.